உழக்கு வலி

ஆத்தாவின் இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் நான் பார்த்தது அந்த ஏழு மாதம்தான். பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டை முப்பது வருடத்துக்கு மேலாக அவள் பார்த்துக்கொள்கிறாள். வீட்டுக்காரர்கள் பாதிப்பேர் சென்னையில், பாதிப்பேர் மலேசியாவில். ஒரு கல்யாணம், ஒரு படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை ஆத்தாவின் ராஜ்யம். இருபத்து மூன்று சாவிகள், சில ஒரு சாண் நீளம். வலது இடுப்பில் செருகியிருப்பாள். அவள் வருவது கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழும்.

போன வருடம் ஐப்பசியில் அந்த இடத்திலேயே அக்கி வந்தது. முதுகுத்தண்டில் தொடங்கி விலாவைச் சுற்றித் தொப்புள் வரை, வலது பக்கம் மட்டும், அரை ஒட்டியாணம் போட்ட மாதிரிக் கொப்புளம். எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் முதலில் கூப்பிடுவது வேளாரை. ஐயனாருக்குப் புரவி செய்கிற அதே கைதான் அக்கியும் எழுதும். காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேலே பூசிக்கொண்டே போவார். மூன்று நாள் காலையில். எண்ணெய், தாளிப்பு எதுவும் கூடாது.

நான் அப்போது ஊரில் இல்லை. எனக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை. கேரளாவில் ஒரு வீடு பிரிக்கிறார்கள் என்று போயிருந்தேன். மூன்றாம் நாள் எழுதி முடித்துவிட்டு வேளார், "தம்பி வந்ததும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துருங்கக்கா" என்று சொல்லியிருக்கிறார். ஆத்தா போனில் சொன்னாள். நான்தான், "அதான் எழுதியாச்சுல்ல, ரெண்டு நாள்ல வந்துடுறேன்" என்றேன். ஒரு தேக்கு உத்தரம் பேரம் படியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் டாக்டரிடம் போனோம். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாத்திரை எழுதித் தந்தார், ஆத்தாவும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. ஆனால் வலி போகவில்லை.

இந்த வைரஸ் புதிதாக எங்கிருந்தோ வருவதில்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டதே, அதே வைரஸ்தான். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது உடம்பைவிட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளில் ஐம்பது அறுபது வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வரும். ஆத்தாவுக்கு விழித்தது நெஞ்சுப் பகுதியின் பத்தாவது நரம்பில். தொப்புள் மட்டத்துத் தோலுக்கு உணர்ச்சி தருவது அதுதான். வெளியே வரும்போது வைரஸ் நரம்பையும் புண்ணாக்கிவிட்டு வருகிறது. கொப்புளம் வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பின்வரும் நரம்பு வலி என்று தனி நோயாகவே வைத்திருக்கிறார்கள். அறுபது தாண்டியவர்களுக்குத்தான் இது அதிகம். ஆத்தாவுக்கு எழுபத்து நான்கு.

வலி என்று எழுதிவிட்டேனே தவிர, அந்தச் சொல் போதாது. அடிபட்ட வலிக்கு அழுத்திவிட்டால் சுகமாக இருக்கும். இதில் தொடுவதுதான் வலி. பாவாடை நாடாவைக் கட்ட முடியாமல் பழைய வேட்டி ஒன்றைத் தளர்த்திச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஃபேன் போட்டால் அந்தக் காற்று பட்டே எரியும். மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி இருக்குது என்பாள். நடு ராத்திரியில் திடீரென்று சுண்டி இழுத்து, "ஆத்தாடி" என்று எழுந்து உட்காருவாள். சாவிக்கொத்து பட்டாலைத் தூணில் ஓர் ஆணியில் தொங்கியது.

ப்ரீகபாலின் கொடுத்தார்கள், ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின். இரண்டும் இந்த வலிக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற மருந்துகள்தான். வலி கொஞ்சம் அமுங்கியது, கூடவே கிறுகிறுப்பும் வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளின் நிலைப்படி எவ்வளவு உயரம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு விடிகாலை அதில் தடுக்கி விழப் பார்த்தாள். அளவைக் கூட்ட டாக்டருக்கு மனம் வரவில்லை. "இதையே தொடருங்க. வேணும்னா கூடவே லேசர் வச்சுப் பாருங்க. உறுதியா சொல்ல மாட்டேன், முறையா வச்சா கெடுதல் இல்லை" என்றார்.

அப்படித்தான் மாசி மாதம் வாரத்துக்கு மூன்று நாள், கோட்டையூர் வழியாக டவுன் பஸ்ஸில் காரைக்குடிக்கு வந்து ஆத்தா "கரண்டு வைக்க" ஆரம்பித்தாள். பிசியோதெரபி என்றாலே எங்கள் ஊரில் கரண்டு வைப்பதுதான். இது கரண்டு இல்லை, வெளிச்சம் என்று அங்கே லேசர் வைக்கிற பெண் எத்தனை தடவை சொன்னாலும் ஆத்தாவுக்கு அது கரண்டுதான்.

முதல் நாளே ஒரு தகராறு. சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை வரைந்த அட்டை ஒன்றைக் காட்டி, "அப்பத்தா, பத்துக்கு எத்தனை வலி?" என்று அந்தப் பெண் கேட்டாள். "பத்துக்கு எத்தனைன்னா? வலி என்ன பரீட்சையா?" என்றாள் ஆத்தா. பிறகு அவளே யோசித்து, "முக்கால் படி இருக்கும்" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு ஆழாக்கு ஒரு உரி என்று நான் கணக்குச் சொன்னேன். எட்டுக்கு ஆறு என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசி வரை அந்த நோட்டில் அந்தக் கணக்குதான்.

பேனா மாதிரி ஒரு கைப்பிடி, அதன் நுனியில் பட்டாணி அளவு கண்ணாடி. ஆத்தாவுக்கு, எனக்கு, தனக்கு என்று மூன்று பேருக்கும் கண்ணாடி மாட்டினாள். முதுகுத்தண்டை ஒட்டி மூன்று புள்ளி, அப்புறம் பத்தாவது விலாவின் அடி ஓரமாக நரம்பு போகிற வழியில் ஒவ்வொரு விரற்கடைக்கு ஒரு புள்ளி. முதுகில் தொட்டு வைத்தாள். வலிக்கிற இடம் வந்ததும் தோலில் படாமல் நெல்லளவு தூக்கிப் பிடித்தாள். ஒரு புள்ளிக்கு 40 விநாடி. இயந்திரத்தின் திறன் 100 மில்லிவாட். இரண்டையும் பெருக்கினால் 4 ஜூல், அதுதான் டோஸ். "கூட ரெண்டு நிமிஷம் வையேன் பாப்பா" என்று ஆத்தா கேட்டதற்கு, "இதுல கூடுனாலும் வேலை செய்யாது அப்பத்தா, குறைஞ்சாலும் செய்யாது" என்றாள். அவள் சமாளிக்கச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால், இந்தத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற சில விஷயங்களில் அதுவும் ஒன்று. ஓரளவு வெளிச்சம் செல்லைத் தூண்டும். அதையே அள்ளிக் கொட்டினால் அடக்கிவிடும்.

கடையில் ராத்திரி வியாபாரம் இருக்காது. அந்த ஒரு மாதம் நான் படித்ததெல்லாம் அப்போதுதான். எனக்குப் பிடித்த கதை புடாபெஸ்ட்டில் நடந்தது. 1960இல் லேசர் வந்து சில வருடங்களில், எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் ரூபி லேசரை வைத்து எலிகளின் கட்டியைக் கரைக்கப் பார்த்தார். அவர் கையில் இருந்த லேசர் அவர் எண்ணியதைவிடப் பலவீனமானது. கட்டி கரையவில்லை. ஆனால் சோதனைக்காக மயிரை மழித்திருந்த இடத்தில், லேசர் பட்ட எலிகளுக்கு மயிர் சீக்கிரம் முளைத்தது. சூடே தெரியாத வெளிச்சம் உடம்பில் ஏதோ செய்கிறது என்பது அங்கேதான் தொடங்குகிறது. 1967 வாக்கில். இயந்திரத்தில் குறை இல்லாமல் இருந்திருந்தால் இந்த வைத்தியமே வந்திருக்காதோ என்னவோ.

அதற்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். நீல்ஸ் ஃபின்சன், டென்மார்க்காரர். வெளிச்சத்தைக் குவித்துத் தோலில் வரும் காசநோயைக் குணமாக்கியதற்காக 1903இல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அவர் முதலில் பேர் வாங்கியது வேறொன்றுக்கு. பெரியம்மை வந்தவர்களைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்று 1893இல் எழுதினார். அது நிலைக்கவில்லை. நான் அதைப் படித்தபோது பள்ளத்தூர் வீட்டு ஞாபகம்தான் வந்தது. வளவை ஒட்டிய சன்னல்களுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தச் சிவப்பு ஆத்தங்குடிக் கல்லில் விழுந்து நகர்ந்துகொண்டே போகும். வலி வந்த நாளிலிருந்து ஆத்தா உட்கார்ந்திருந்தது அங்கேதான். அதுவும் சிவப்பு வெளிச்சம்தானே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சிவப்புதான், ஆனா ரொம்ப லேசு" என்றாள். அதோடு, அவள் வைக்கிற வெளிச்சத்தின் அலைநீளம் 810 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு 700ஐ ஒட்டி மங்கிவிடும். நுனியில் நாம் பார்க்கிற சிவப்புப் பொட்டு, எங்கே படுகிறது என்று காட்டுவதற்காக வைத்தது. வேலை செய்கிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. என் தொழில் அப்படி. போன மாதம் வார்த்த பித்தளையைப் புளித்தண்ணீரிலும் மண்ணிலும் போட்டு எடுத்து நூறு வருடத்துச் சாமான் என்று விற்பவர்களை எனக்குத் தெரியும். வாங்கிப் போனவர் அதைத் தடவித் தடவிப் பார்த்து, பழைய வேலைப்பாடு தனிதான் என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். காசு கொடுத்தவன் கண்ணுக்கு அது பழசாகத்தான் தெரியும். கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் என்றால்?

டிவி ரிமோட்டை போன் கேமராவில் பார்த்தால் நுனியில் ஊதா நிறமாக மினுங்கும், பிள்ளைகள் காட்டியிருப்பார்கள். அதே வித்தைதான். கைப்பிடியைக் காட்டச் சொன்னேன். "நேரா பார்க்காதீங்கண்ணே, கேமரா போயிடும், கண்ணும் போயிடும்" என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளில் அடித்துக் காட்டினாள். போனில் சிவப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய ஊதாவில் ஒரு வட்டம். அணைத்ததும் காணாமல் போனது. சரி, வெளிச்சம் வருகிறது. ஆனால் வந்த வெளிச்சம் வலியைக் குறைக்கிறதா என்பதற்குக் கேமரா கிடையாது.

எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி. சிவப்பையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பையும் அது உறிஞ்சிக்கொள்கிறது, செல்லின் சக்தி உற்பத்தி கூடுகிறது, வீக்கம் தணிகிறது என்கிறார்கள். வலிக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபர்ட்டா சௌ என்ற மருத்துவர் 2007இல், எலியின் நரம்பு செல்களில் 830 நானோமீட்டர் லேசரை அடித்துப் பார்த்தார். வலியைக் கடத்துகிற மெல்லிய நரம்பிழைகளுக்குள் நடக்கும் போக்குவரத்து கொஞ்ச நேரத்துக்குத் தடைபட்டது. அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல். ஆத்தாவின் முதுகில் தோல், கொழுப்பு, தசை எல்லாம் இருக்கிறது. அத்தனையையும் தாண்டுவதற்குள் வெளிச்சத்தில் பெரும்பகுதி சிதறிப்போகும். நம் தோலின் கறுப்பும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

ஓர் இடத்தில் ஆதாரம் பலமாகவே இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் வருகிற வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த வெளிச்சத்தைச் சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. கழுத்துவலிக்கு நடந்த சோதனைகளைத் திரட்டி 2009இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையும் சாதகம்தான். நரம்பு வலிக்கு வந்தால் கதை மாறுகிறது. அக்கி வலிக்கு நடந்த சோதனைகள் சின்னச் சின்னவை. முன்வரிசையில் இன்றைக்கும் இருப்பவை மாத்திரைகளும், தோலை மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் ஒட்டுகளும்தான்.

சர்க்கரைக் கால் எரிச்சலுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், என் சித்தப்பா அதில் மாட்டியவர். அமெரிக்காவில் அகச்சிவப்புப் பட்டைகளைக் காலில் கட்டும் வைத்தியம் ஒரு காலத்தில் அமோகமாக ஓடியது. 2006இல் அரசுக் காப்பீடான மெடிகேர் அதற்குப் பணம் தருவதை நிறுத்தியது. 2008இல் டயபிடிஸ் கேர் இதழில் ஒரு சோதனை வந்தது. 69 பேர். பாதிப்பேருக்கு நிஜப் பட்டை, மீதிப்பேருக்கு அதே மாதிரிப் பொய்ப் பட்டை. வீட்டில் தினம் 40 நிமிடம், 90 நாள். கடைசியில் உணர்ச்சியிலும் நரம்பின் வேகத்திலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, சித்தப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் அதன் தம்பி ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார். நான் போனை வைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்குகள் ஜோராக எரிந்தன. அகச்சிவப்பு என்று எழுதியிருந்த வரிசையில் பாதி இருட்டு. அதுகூடப் பரவாயில்லை. வெளிச்சம் போதவில்லை என்று அவராகவே சூடு தரும் அகச்சிவப்பு விளக்கு ஒன்றைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்தால் தெரியாத கால் அது. சூடு எப்படித் தெரியும்? சித்திதான் காலையில் கொப்புளத்தைப் பார்த்தாள். இரண்டு மாதம் கட்டுப் போட்டார்கள். சூடு வைப்பது வேறு, ஆத்தாவுக்கு வைத்தது வேறு. ஊரில் இரண்டுக்கும் லைட்டு வைக்கிறது என்று ஒரே பேர்.

ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் முறை அந்தப் பெண் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இடுப்பு முழுக்கக் காவி. ஆத்தா எனக்குத் தெரியாமல் விடிகாலையில் வேளாரிடம் போய் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். "சிவப்புக்கு மேல சிவப்பு, சேர்ந்து கேக்கட்டும்னு பாத்தேன்" என்றாள். காவி என்பது இரும்புத் துரு. மேலே பூசியிருந்தால் வெளிச்சத்தைத் தானே குடித்துவிட்டு அந்த இடத்தில் சூட்டைக் கூட்டும். அந்தப் பெண் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள். துடைக்கவில்லை, துடைத்தால் துடித்துவிடுவாள். இருபது நிமிடம் ஆனது. ஆத்தா அவள் ஊர், கல்யாணம், மாமியார் எல்லாவற்றையும் விசாரித்து முடித்தாள். நான் கவனித்தது வேறு. அந்த இருபது நிமிடமும் ஒரு கை அந்த இடத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. ஆத்தா கத்தவில்லை.

ஏழாம் முறை, உரி. பத்தாம் முறை, "உழக்குதான் இருக்கும்". ஒரு ராத்திரி அவளாகவே எழுந்து ஃபேனைப் போட்டுவிட்டுப் படுத்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறமும் என் புத்தி போகவில்லை. "ஒரு நாள் அணைச்சு வச்சுப் பாப்போமா, என்ன சொல்லுதுன்னு?" என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "அப்பத்தாகிட்ட சொல்லிட்டுன்னா செய்யிறேன். சொல்லாம செய்ய மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சோதனை என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். முகம் சிவந்தது எனக்குத்தான்.

பன்னிரண்டு முறையோடு நிறுத்தினோம். 3,600 ரூபாய், பஸ் தனி. குறைந்தது வெளிச்சத்தாலா என்று கேட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதே மாதத்தில் மாத்திரையும் உடம்புக்குப் பழகி, கிறுகிறுப்பு அடங்கியிருந்தது. இந்த வலி பலருக்கு மாதக்கணக்கில் தானாகவும் தேயும். ஆனால் என் அயித்தைக்கு இதே வலி வந்தால் கூட்டிப் போவேனா என்றால், போவேன். மாத்திரையை நிறுத்தாமல், எத்தனை ஜூல் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரிடம், பத்துப் பன்னிரண்டு முறை. அதற்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுவேன். புற்றுக்கட்டி இருக்கிற இடத்தில் வைக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது. மண்டபத்தில் விற்கிற பெல்ட்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டேன். அக்கிக்குத் தடுப்பூசி 2023இலிருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல், இரண்டு ஊசி. எனக்கு ஐம்பத்து மூன்று, போட்டுக்கொண்டேன்.

ஆத்தாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குத் தக்காளி கொண்டுபோய்க் கொடுத்தாள். குணமாக்கியது யார் என்று கேட்டால் மாரியாத்தா, வேளார், அந்தப் பாப்பா என்று வரிசையாகச் சொல்வாள். மாத்திரை அந்த வரிசையிலேயே இல்லை.

வைகாசியில் ஒரு காலை கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் கட்டிலிருந்து சத்தம் வந்தது. தூணில் ஆணி மட்டும்தான் இருந்தது. ஆத்தா பாவாடை கட்டி, சேலை கட்டி, சாவிக்கொத்தோடு வந்தாள். இடது இடுப்பில் செருகியிருந்தாள். இன்னும் வலது பக்கத்துக்கு மாற்றவில்லை. கேட்டால், "ஆழாக்கு இருக்குல்ல" என்கிறாள்.